என் சகலையின் காது

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். எனக்குச் சகலை. மாமனார் வீட்டில் அவர் ‘பெரிய மாப்பிள்ளை’, நான் ‘சின்ன மாப்பிள்ளை’. கல்யாணம் ஆன வரிசைப்படி அது சரிதான், இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்று பதினொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். வயதில் இரண்டே வருஷ வித்தியாசம். ஆனால் அந்த வீட்டில் முதல் தட்டு அவருக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி அவருக்கு. செய்தித்தாள் வந்தால் மாமனார் முதல் பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு, விளையாட்டுப் பக்கத்தை அவரிடம் நீட்டுவார். எனக்கு வருவது விளம்பரத் தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனுஷன் என் தொழிலுக்கே வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சகலை அப்போது ஒரு நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தார். ஒன்பது வருஷம். மில்லை மூடியதும் போக்கிடம் இல்லாமல் என் கடைக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். பாவம் என்று நானும் விட்டேன். தினமும் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். கழற்றுவதையும் மாட்டுவதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறே மாதம். இரண்டு தெரு தள்ளி அவரே ஒரு கடை போட்டுவிட்டார். திறப்புக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். போய், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

விண்டோஸ் போடுவது, வைரஸ் எடுப்பது, பிரிண்டர் சரிபார்ப்பது என்று எல்லாரும் செய்கிற வேலையில் அவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஆனால் சத்தம் போடுகிற கம்ப்யூட்டர் என்றால் ஊரே அவர் கடையில் நிற்கும். பெட்டிக்குள் சுற்றுகிற பொருள்கள் நாலைந்துதான். ப்ராசஸர் மேலே ஒரு ஃபேன், பவர் சப்ளையில் ஒன்று, பெட்டியின் முதுகில் ஒன்று, பிறகு ஹார்ட் டிஸ்க். இதில் கத்துவது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. நான் படித்த முறைப்படி ஒவ்வொன்றாக இணைப்பை எடுத்துப் பார்ப்பேன். அரை நாள் ஆகும். அவருக்குப் பத்து நிமிஷம்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. முதலில் வந்தவரை உட்காரவைத்து, “சத்தம் எப்படி வருது? நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்பார். ஆபீசில் நாலு பேரை மிரட்டுகிற மேனேஜரெல்லாம் அங்கே உட்கார்ந்து “கொர்ர்ர்” என்றும் “கிரீச் கிரீச்” என்றும் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள், நம்மையே சொல்லச் சொல்கிறார் என்று அவர்களுக்கு வாயெல்லாம் பல். பிறகு பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குக் கீழே தாடையில் அழுத்திக்கொள்வார். அப்புறம், “முதுகு ஃபேன்ல பேரிங் தேஞ்சிருக்கு” என்பார். திறந்து பார்த்தால் முதுகு ஃபேன்தான்.

அதனால் அவருக்குக் ‘காதுக்காரர்’ என்று பெயர் வந்தது. கடைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. படிப்பில்லை, சான்றிதழ் இல்லை, கையில் முதலும் இல்லை. அவர் குடும்பம் சாப்பிட்டது அந்த ஒரு பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரைத்தான் நான் கெடுக்க நினைத்தேன்.

ஒருநாள் என் கடையிலும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. மவுஸ் வாங்க வந்த பெண், “என்னண்ணே, காது குடையறீங்களா?” என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி, வீடு கட்டுவதற்கான பிளான் வரைபவள். இஞ்சினியர்கள் கையால் கிறுக்கிக் கொடுப்பதை முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒழுங்காக வரைந்து, வழுவழுப்பான டிரேசிங் தாளில் அச்செடுத்து, ஓரத்தில் தன் கையால் அறைகளின் பெயரை எழுதிக் கொடுப்பாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பதினொரு வருஷத்து பிளான்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன.

அந்தப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது. அடியில் ‘ஊம்’ என்று ஓர் உறுமல். எப்போதாவது ஒரு ‘டக்’.

“தூசிதான்” என்றேன். திறந்து ஊதிச் சுத்தம் செய்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உறுமல். ஃபேனின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அப்போதும் உறுமல். புது ஃபேனே போட்டேன். ‘டக்’ என்றது.

“பரவால்ல, விடுங்க. நான் அத்தானைக் கூப்பிடறேன்” என்றாள். அக்கா புருஷனை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சமையல்காரன் வீட்டில் ஓட்டல் சாப்பாடு வரவழைக்கிற மாதிரி இல்லையா இது?

“கடை வச்சிருக்கவன் வீட்டுக்குள்ள இருக்கேன். வெளியாளு எதுக்கு?”

“அத்தான் வெளியாளா? நீங்க மூணு தடவை பாத்துட்டீங்க. எனக்கு வேலை ஓடணும்ங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். போனில் அவரிடம் பேசும்போது குரலில் ஒரு நிம்மதி வேறு. பெட்டி கத்த ஆரம்பித்த நாளிலிருந்து நான் கேட்காத நிம்மதி. கூப்பிட்டது அவரை மட்டும்தான். அவர் வருவது ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாமனார், மாமியார், அக்கா என்று குடும்பமே சாப்பாட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. என் தோல்வியைப் பார்க்க ஒரு கூட்டமே கிளம்பி வருகிறது.

ஞாயிறு காலை மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்தேன். குப்பைக்கூடையிலிருந்து ஒரு பழைய டிரேசிங் தாளை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். பெட்டியைத் திறந்து, முதுகு ஃபேனின் இறக்கைகளில் உரசுகிற மாதிரி அதை டேப் போட்டு ஒட்டினேன். ஓடவிட்டுப் பார்த்தேன். ‘ங்ஙீஈஈ’ என்று பல் கூசும் ஒரு சத்தம். மூடிவிட்டுக் கைகழுவினேன்.

என் கணக்கு இதுதான். சத்தத்தைத் தேடி வந்தவர் இந்தக் கீச்சைக் கேட்பார், திறப்பார், தாளை எடுப்பார், “சரியாப் போச்சு” என்று காபியைக் குடித்துவிட்டுப் போவார். மறுநாள் பழைய உறுமலும் டக்கும் அப்படியே இருக்கும். அப்போது மாமனாருக்குப் போன் போட்டு, உங்கள் பெரிய மாப்பிள்ளை கண்டுபிடித்த லட்சணத்தைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் தோன்றுகிற திருட்டுத்தனம் இது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது எனக்கு.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டதுமே மாமியார் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மனைவி, “நேத்து வரைக்கும் இந்தக் கீச்சு இல்லையே” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சகலை என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க சொல்லுங்க சகலை, சத்தம் எப்படி? உங்க அடித்தொண்டைக் குரல்தான் எனக்கு எப்பவும் தெளிவாக் கேக்கும்.”

“நீங்களே பாருங்க அண்ணே. எங்க காதெல்லாம் காதா?” என்றேன்.

அவர் பெட்டியின் தலையில் கையை வைத்தார். கண்ணை மூடினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தாடையில் அழுத்திக்கொண்டார். அறை முழுக்கக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறது. இப்போது முதுகுப் பக்கம் போவார், இப்போது போவார் என்று நான் காத்திருக்கிறேன். மனுஷன் போகவே இல்லை. கை மெல்ல நகர்ந்து முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் நின்றது.

“டிஸ்க்குதாம்மா” என்றார் என் மனைவியிடம். “சுத்தும்போது திணறுது. நடுவுல தட்டவும் செய்யுது. ரொம்ப நாள் தாங்காது. இன்னிக்கே எல்லாத்தையும் வேற ஒண்ணுல காப்பி எடுத்துடு. மத்தபடி பெட்டி அமைதியாத்தான் இருக்கு.”

அமைதியாகத்தான் இருக்கிறது என்றார். அந்தக் கீச்சில் நின்றுகொண்டு.

மாமனார் செய்தித்தாளை இறக்கினார். அக்கா தன் புருஷனைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. மில்லில் ஒன்பது வருஷம். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, மெஷின் பேரிங் நல்லா இருக்கிறதா என்று கையை வைத்துத்தான் பார்ப்போம் என்று அவரே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அந்த இரைச்சல் அவர் காதையே கெடுத்திருக்கிறது. மெல்லிய சத்தங்கள், கூர்மையான சத்தங்கள் எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. வந்தவர்களை வாயால் சத்தம் போட்டுக் காட்டச் சொன்னது மரியாதைக்காக இல்லை, தனக்குக் கேட்காததை அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள. கையிலும் தாடையிலும் படுகிற அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடித்தாரே தவிர, காதால் கேட்டு எதையும் கண்டுபிடித்ததே இல்லை. நான் எட்டு வருஷமாகப் பொறாமைப்பட்ட காது அவரிடம் கிடையவே கிடையாது.

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

“இது உங்களுக்குக் கேக்கலையாண்ணே?” என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். பெட்டியை நிறுத்தி, தகட்டைக் கழற்றி, கையை விட்டு அந்தத் துண்டை உருவி எடுத்து மேசைமேல் போட்டேன். மறுபடி ஓடவிட்டேன். கீச்சு போயிருந்தது. உறுமலும் அந்த நேரம் பார்த்து அடங்கி இருந்தது.

“அட, சின்ன மாப்பிள்ளை!” என்றார் மாமனார். “இம்புட்டுத்தானா? என்னப்பா பெரிய மாப்பிள்ளை, உன் காது எங்க போச்சு?” என்று சிரித்தார். பதினொரு வருஷத்தில் என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

சகலை மேசைமேல் கிடந்த துண்டைப் பார்த்தார். அது எங்கே உரசியிருக்கும், எப்படிக் கத்தியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. “இன்னொரு எடத்துல ஒரு வேலை இருக்கு, மறந்தே போனேன்” என்று எழுந்தார். சாப்பிடவில்லை. அக்காவும் கூடவே போய்விட்டாள்.

அன்று எங்கள் வீட்டு மின்விசிறிக்குக் கீழே, அவர் உட்கார வேண்டிய இடத்தில், நான் உட்கார்ந்தேன். முதல் தட்டு எனக்கு வந்தது. தலைகால் புரியவில்லை. மனைவி பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் தோற்றதில் அவளுக்கு வருத்தம் என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மாமனாருக்கு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வாய். மூன்றே நாளில் விஷயம் ஊர் முழுக்கப் போனது. காதுக்காரருக்குக் காதே கேட்காதாம் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அவரிடம் இருபது மெஷின் கொடுத்திருந்த டைப்பிங் சென்டர்காரர் நேரே என் கடைக்கு வந்தார். சத்தம் போடுகிற பெட்டிகள் என் கடையில் வரிசை கட்டி நின்றன. சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, நன்றாகவே சந்தோஷப்பட்டேன். எந்தப் பெட்டியில் எது கத்துகிறது என்று கண்டுபிடிக்கத்தான் வழக்கம்போல அரை நாள் ஆனது.

புதன்கிழமை அவர் கடைப் பக்கமாகப் போனேன். வேலை இருந்து போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். பார்க்கத்தான் போனேன். சகலை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஒருவன் அவர் தலைக்குப் பின்னால் கையை நீட்டி விரலைச் சொடுக்கினான். திரும்பவில்லை. இன்னொரு தடவை சொடுக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்துவைத்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவி கடைக்குப் போன் செய்தாள். “வீட்டுக்கு வாங்க” என்றாள், அவ்வளவுதான்.

திரை கறுப்பாக இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று விடாமல் ஒரு சத்தம். எனக்கே கேட்டது. எனக்கே புரிந்தது. டிஸ்க் செத்துவிட்டது. பதினொரு வருஷத்து பிளான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“எல்லாம் போச்சே” என்றேன்.

“போகல.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன வெளி டிஸ்க்கை எடுத்து வைத்தாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலமே காப்பி எடுத்துட்டேன்.”

“நான்தான் சரிபண்ணிட்டேன்னு சொன்னேனே. அப்புறமும் ஏன்?”

“அத்தான் சொன்னாரே.”

எனக்கு அந்த நிலைமையிலும் சுருக்கென்றது. “காது கேக்காதவர் சொன்னதை நம்புவ, நான் சொன்னதை நம்ப மாட்டியா?”

அவள் மறுபடியும் இழுப்பறைக்குள் கையை விட்டாள். இந்தத் தடவை வெளியே வந்தது விரல் அகலத்துக்கு ஒரு டிரேசிங் துண்டு. ஃபேன் உரசி ஓரம் நைந்திருந்தது. அதை என் முன்னால் திருப்பி வைத்தாள். அச்சு மாதிரி ஒரு கையெழுத்து, பாதியில் வெட்டப்பட்டு: ‘படுக்கைய’.

“போன வாரம் நான் தப்பா எழுதித் தூக்கிப் போட்ட தாள் இது. குப்பைக்கூடையிலேர்ந்து அதுவா நடந்து போய், மூடின பெட்டிக்குள்ள ஏறி, டேப்பு போட்டு ஒட்டிக்கிச்சாங்க?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“மேசைமேல போட்டீங்களே, அப்பவே தெரியும். எங்கப்பா முன்னாடி உங்களை எப்படிங்க விட்டுக்கொடுப்பேன்? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு நாள் பாத்தேன்.”

அவள் அத்தானுக்காகப் பேசாமல் இருக்கவில்லை. எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்காக அவள் செய்த ஒரு காரியத்தைக்கூட நான் பொறாமையோடுதான் பார்த்திருக்கிறேன்.

“புது டிஸ்க் அத்தான்தான் போடுவார்” என்றாள். “ஞாயித்துக்கிழமை எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். அதே ஆளுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். வரமாட்டார் என்று கொஞ்சம் நம்பியிருந்தேன். என்னிடம் எப்போதும்போல், “நல்லா இருக்கீங்களா சகலை?” என்றார். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பழைய டிஸ்க்கைக் கழற்றினார். மாமனார் செய்தித்தாளோடு மின்விசிறிக்குக் கீழே. மாமியாரும் அக்காவும் அடுப்படி வாசலில். மனைவி ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் போய்ச் சகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் காதருகில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று, என் அடித்தொண்டையிலிருந்து மெதுவாகச் சொன்னேன். “அண்ணே, அந்தத் தாளை நான்தான் வச்சேன்.”

அவர் திருகாணியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னீங்க? காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சகலை.”

செய்தித்தாள் இறங்கியது. அடுப்படி வாசலில் பேச்சு நின்றது.

எழுந்து நின்றேன். “அந்தத் தாளை ஃபேன்ல ஒட்டினது நான்தான்!” என்று கத்தினேன். “அண்ணன் சொன்னதுதான் சரி. டிஸ்க்தான் கெட்டுப்போயிருந்துச்சு. தெரிஞ்சே, பொறாமையில பண்ணினேன்!” தெருவில் போன ஒருவர் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமனார் என்னைப் பார்த்தார், பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு செய்தித்தாளை மடித்து முழுசாக அவரிடம் நீட்டினார், முதல் பக்கத்தையும் சேர்த்து. சகலை அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, புது டிஸ்க்கைப் பொருத்தி, பெட்டியை ஓடவிட்டார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா” என்றார்.

அந்த வார முடிவுக்குள் மாமனாரின் வாய் மறுபடியும் ஊரைச் சுற்றி வந்தது. டைப்பிங் சென்டர்காரர் இருபது மெஷினையும் அவரிடமே திருப்பிக்கொண்டு போனார். இப்போது அவர் கடைக்குப் பலகை இருக்கிறது. பிளான் வரைகிற மாதிரி என் மனைவிதான் எழுதிக் கொடுத்தாள். சத்தம் போடுகிற பெட்டி என் கடைக்கு வந்தால் நானே தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கிறேன். கொடுக்கும்போது இன்னமும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு அடங்கவில்லை. என் அடித்தொண்டைக் குரல்தான் அவருக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் முதல் தடவை சொன்னது கேட்டதா, கேட்கவில்லையா என்று ஒருநாள் அவரிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். ஸ்டூல் போட்டு, காபி வாங்கிக் கொடுத்தார். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். கேட்டால், கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் சகலை என்பார்.